கூடத்துக்குள் வராத அண்ணன்

லூகன்வில் சந்தைக் கட்டடத்தின் பின்வரிசையில் மெரெலினுக்கு ஒரு சமையல் கடை இருந்தது. அங்கே சாப்பிட்டவர்கள் ஊரில் பாதிப்பேர் இருப்பார்கள். அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஒரு கையால் குழம்பைக் கிண்டுவாள், மறு கையால் அடுத்த ஆளுக்குத் தட்டு வைப்பாள், வாய் மூன்றாவது ஆளுக்கு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும். அம்பே தீவிலிருந்து, லூகன்வில் இருக்கும் சாந்தோ தீவுக்குக் கப்பலில் வந்து இறங்குகிற எவரும் முதலில் வருவது அந்தக் கடைக்குத்தான். மூட்டையை அவள் மேசைக்கடியில் தள்ளிவிட்டுத்தான் மற்ற வேலை. அவளும் அம்பேக்காரி. கொப்பரைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் மோலிசாவைக் கட்டிக்கொண்டு சாந்தோவிலேயே தங்கிவிட்டவள்.

அந்த வருஷம் அம்பேயின் மனாரோ எரிமலை விழித்துக்கொண்டது. முதலில் புகைதான். பிறகு சாம்பல் விழுந்தது. சேம்பு இலைகள் கருகின, கூரையில் பிடிக்கும் மழைத்தண்ணீர் கசந்தது, வீடுகள் சுமை தாங்காமல் உட்கார்ந்தன. தீவையே காலிசெய்ய வேண்டும் என்று உத்தரவு வந்த அன்று, லூகன்வில்லில் ஒரு கூட்டம் நடந்தது. தலைநகர் வீலாவிலிருந்து வந்திருந்த கல்தாக் என்ற அதிகாரிதான் அதை நடத்தினார். ஒல்லியான மனிதர், தூக்கம் கெட்ட கண்கள்.

"கப்பல் நாளைக்கே வருது. சந்தைத் திடல் பக்கத்துல இருக்கற பெரிய கூடத்தைக் குடுத்திருக்காங்க. அதை யாராவது ஒருத்தர் எடுத்து நடத்தணும். அம்பே ஜனங்களைத் தெரிஞ்சவங்களா இருக்கணும்," என்றார்.

கூட்டத்தில் இருந்த எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். மெரெலின் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? அடுப்புல கறி வச்சுட்டு வந்திருக்கேன்," என்றாள்.

அடுப்பை அணைக்கத்தான் அவள் கடைக்குத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அந்த அடுப்பை அவள் பல மாதம் பற்ற வைக்கவில்லை.

மறுநாள் கப்பல்கள் வந்தன. சரக்குக் கப்பல், மீன்பிடிப் படகு, எது கிடைத்ததோ அது. இறங்கியவர்களின் தலைமுடியெல்லாம் சாம்பல் பூத்து, பிள்ளைகள்கூடக் கிழவர்களைப் போலத் தெரிந்தார்கள். அருகில் போனால் கந்தக வாடை. மெரெலின் துறையில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். எந்த ஊர், எத்தனை பேர், யாருக்கு மூச்சு வாங்குகிறது, எந்தப் பிள்ளைக்குத் தாய் அடுத்த கப்பலில் வருகிறாள் என்று கேட்டுக் கேட்டு லாரிகளில் ஏற்றினாள்.

கடைசிக் கப்பலில் அவள் அண்ணன் கராய் வந்தார். கூடவே அண்ணி ஜோசவினும், எட்டாம் மாதமாக இருந்த அவர்கள் மகளும்.

அண்ணன் பலகையில் கால் வைத்ததைப் பார்த்ததுமே மெரெலின் முகத்தைத் திருப்பிக்கொண்டு, லாரியைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டாள். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு வேறு பக்கமாக நடந்தார். அம்பேயில் பையனுக்கு விவரம் தெரியும் வயது வந்துவிட்டால், அக்கா தங்கை இருக்கும் வீட்டில் அவன் படுக்க மாட்டான். ஆண்கள் கூடும் நகமாலுக்குப் போய்விடுவான். அதன்பிறகு உடன்பிறந்தாளோடு நேருக்கு நேர் பேச்சு கிடையாது. ஒரே கூரையின் கீழ் சாப்பாடு கிடையாது. ஒருவர் பெயரை மற்றவர் சொல்வதும் கிடையாது. அது பகை இல்லை, மரியாதை. மெரெலினுக்கு அவர்மேல் உயிர். தாய் செத்தபோதும் தகப்பன் செத்தபோதும் ஊருக்குப் போயிருந்தாள். அண்ணன் ஒரு வாசலில் நின்று அழுதார், இவள் மறு வாசலில் நின்று அழுதாள்.

"அந்தப் பெரிய ஆள் யாரு? எல்லாரும் அவர் சொல்றதக் கேக்கறாங்களே," என்றார் கல்தாக்.

"ஜோசவினோட வீட்டுக்காரர்," என்றாள் மெரெலின்.

கூடத்தை அவள் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்திருந்தாள். இந்த மூலை ஒரு ஊருக்கு, மேடைப் பக்கம் இன்னொரு ஊருக்கு. தரையில் தார்ப்பாய், அதன்மேல் அவரவர் கொண்டுவந்த தாழைப்பாய். தன் வேலை அவளுக்கே திருப்தியாக இருந்தது. அந்தியில் மழை பிடித்தது. கூடத்தின் கதவுகள் திறந்திருந்தன, விளக்குகள் எரிந்தன, ஆனால் உள்ளே பாதி இடம் காலி. ஆண்கள் எல்லாரும் வெளியே, ஈரப்பலா மரங்களுக்கு அடியிலும் லாரிகளுக்கு அடியிலும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

கல்தாக் குடையோடு வந்தார். "என்ன இது? உள்ள இடம் இருக்கே. கோவமா அவங்களுக்கு?"

மெரெலின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஊர் ஊராகப் பிரித்தால் ஒரு ஊருக்குள் இருப்பவர்கள் எல்லாம் அண்ணன் தங்கை, அக்கா தம்பிதானே. பெரியப்பன் மகளும் சித்தி மகளும் அதில் சேர்த்திதான். ஒரு கூரை, ஒரு தரை, நடுவில் சுவர் கிடையாது. எந்த ஆண்பிள்ளை உள்ளே வந்து காலை நீட்டுவான்?

"தப்பு என்னோடதுதான். டவுன்ல இருந்து இருந்து என் புத்தி மழுங்கிப்போச்சு. ராத்திரிக்குள்ள சரிபண்ணணும். கயிறு வேணும் எனக்கு, நிறைய," என்றாள்.

கல்தாக் காரணத்தைக் கேட்டார், கேட்டுவிட்டுப் பேசாமல் கயிறு தேடப் போனார். அவர் ஊரில் மாமியாரிடம் மருமகன் பேசுவதில்லை. அதனால் அவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பாய்களைத் தொங்கவிட்டார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூடம், பின்பக்கம் தார்ப்பாய்க் கொட்டகை ஆண்களுக்கு, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளச் சமையல் கொட்டகை என்று ஒரு ஏற்பாடு. ஒழுங்காக அமைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பாய் அவிழ்ந்து விழும், பிள்ளைகள் அதில் தொங்கி ஆடும், ஒருவர் இருமினால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஜனங்கள் படுத்தார்கள். மெரெலின் படுக்கவில்லை.

அதற்கடுத்த தப்பைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சில நாட்கள் ஆயின. அதையும் அவளாகக் கண்டுபிடிக்கவில்லை, மோலிசா சொன்னான்.

"உங்க ஆளு முகாம்ல சாப்பிடறதில்ல, தெரியுமா? எங்க தோட்டத்துல பப்பாளிக்காயச் சுட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்காரு. நான் பாத்ததும், 'மச்சான், இந்த மரம் உங்க முதலாளியோடதா?'னு கேக்கறாரு. என்னத்தச் சொல்ல."

அரிசியும் டின் மீனும் கொடுக்கும் மேசையில் மெரெலின்தான் இருந்தாள். அந்த மேசை கூடத்துக்குள் இருந்தது. மற்ற ஆண்களுக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஜோசவினோ மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிரசவம் சிக்கலாகும் என்று சொல்லியிருந்தார்கள். கராய்க்கு வாங்கிக்கொடுக்க ஆள் இல்லை. இன்னொருத்தரிடம் கேட்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. ஊரில் தன் தோட்டத்திலிருந்து பிறருக்குச் சேம்பு கொடுத்துப் பழகியவர்.

மெரெலின் அன்றே மேசையை விட்டு எழுந்துவிட்டாள். அண்ணனுக்கு உடன்பிறந்தாள் முறை வராத கிழக்கு அம்பேப் பெண்கள் சிலரை அங்கே உட்காரவைத்து, மேசையைக் கூடத்துக்கு வெளியே மரத்தடிக்கு மாற்றினாள். அன்று மாலை தூரத்திலிருந்து பார்த்தாள். அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். தோள்கள் ஒடுங்கியிருந்தன. அவள் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். இருந்தது. பிறகு கக்கூஸ் குழி தோண்டும் இடத்துக்குப் போனாள். அங்கும் அவளுக்கு வேலை இல்லை.

வாரங்கள் போகப்போக முகாமில் ஆட்கள் அமைதியாகவில்லை, கூடுதலாகத் துடித்தார்கள். பெண்களுக்காவது சமையல், துவையல், பிள்ளைகள் என்று இருந்தது. தாழை ஓலை கிடைத்தவர்கள் பாய் பின்னினார்கள். ஆண்களுக்கு ஒன்றும் இல்லை. விடியும்போதே எழுந்து கத்தியைத் தீட்டுவார்கள். வெட்ட ஒன்றும் இருக்காது. சாலை முனைவரை நடப்பார்கள், திரும்பி வருவார்கள், கிழக்கே மலை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெளிவான நாளில் அதன் புகை மட்டும் தெரியும். டவுன் பையன்கள் லாரியில் போகும்போது "ஏய், சாம்பல்காரங்களா!" என்று கத்திவிட்டுப் போவார்கள். ஒருநாள், கவா என்ற போதை வேர்ச்சாறு விற்கும் கடை வாசலில் கைகலப்பு. மெரெலின் போலீஸிடம் ஒருபக்கம், அடிபட்ட பையனின் தாயிடம் மறுபக்கம் என்று ஓடி அதை ஆற்றினாள்.

எல்லாரும் பன்றிகளைப் பற்றியே பேசினார்கள். கப்பலில் பன்றி ஏற்ற விடவில்லை. அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு, கட்டிப்போட்டுத் தேங்காயைக் குவித்துவைத்து வந்தவர்களும் உண்டு. அம்பேக்காரனுக்குப் பன்றி வெறும் இறைச்சி இல்லை. கல்யாணம், சாவு, மன்னிப்பு எதுவானாலும் பன்றி வேண்டும். கராய்க்குக் கோரைப்பல் வளைந்து வட்டமாகிக்கொண்டிருந்த ஒரு ஆண்பன்றி இருந்தது. அவர் பல வருஷமாகக் கையால் ஊட்டி வளர்த்தது.

ஒருநாள் காலை மோலிசா மூச்சிரைக்க வந்தான். "படகு ஏற்பாடு பண்ணிட்டாங்க. நாளைக்கு வெள்ளெனப் போறாங்களாம், பன்னி கொண்டுவர. உங்க ஆளுதான் தலைமை."

தீவுக்குப் போகக் கூடாது என்று தடை இருந்தது. மலை இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. மழையில் ஓடைகள் சேறாக இறங்கி, மரங்களைப் பெயர்த்துக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தன. மெரெலின் லாரி நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனாள். லாரிக்கு அந்தப் பக்கம் சக்கரத்தில் சாய்ந்தபடி அண்ணன் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். அவரது கால் தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் நின்றுகொண்டு புருஷனைப் பார்த்து உரக்கப் பேசினாள்.

"இங்க பாரு மோலிசா, கடல் முழுக்க மரக்கட்டை மிதக்குது. போலீஸ்காரங்களே போக பயப்படறாங்க. அங்க எவனும் போகக் கூடாதுனு சொல்லு."

மோலிசா லாரியின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். "மச்சான், கடல்ல மரக்கட்டை மிதக்குதாம்."

"கேட்டுச்சு மச்சான்," என்றது கராயின் குரல், தணிவாக. "கட்டையைப் பாத்துப் படகு ஓட்டத் தெரியும்னு சொல்லுங்க."

"கட்டையப் பாத்து ஓட்டத் தெரியுமாம்."

"மகளுக்குப் பிரசவ நேரம். அப்பன் கடல்ல போய் விழுந்தா அவ என்ன ஆவானு கேளு."

"பிரசவத்துக்குத்தான் பன்னி வேணும்னு சொல்லுங்க மச்சான். அடுத்தவன் மண்ணுல என் பேரப்பிள்ளை பொறக்குது. வெறும் கையோட உக்காந்திருக்கேன். இந்த மண்ணுக்காரங்க முகத்துல எப்படி முழிக்கறது?"

மோலிசா இருபக்கமும் பார்த்தான். "ரெண்டு பேரும் சத்தமாத்தான் பேசறீங்க. நான் எதுக்கு நடுவுல? எனக்கு லோடு இருக்கு," என்றான். ஆனாலும் போகவில்லை.

அண்ணன் சொன்னது தப்பு என்று மெரெலினால் சொல்ல முடியவில்லை. இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து ஜனங்கள் வாங்கித்தான் தின்கிறார்கள், ஒன்றும் கொடுக்கவில்லை. அதுதான் எல்லாரையும் அரித்துக்கொண்டிருந்தது. கல்தாக்கிடம் சொல்லித் தடுக்கலாமா என்று அலுவலகத்து வாசல்வரை போனாள். அண்ணனைப் போலீஸிடம் காட்டிக்கொடுப்பதா என்று திரும்பிவிட்டாள். பிறகு மறுபடியும் போனாள். அவர் வெளியே போயிருந்தார்.

விடிந்தபோது படகுகள் போயிருந்தன.

நடுப்பகலுக்குப் பிறகு ஒரு படகு திரும்பியது. மூன்று பன்றிகள், பசியில் எலும்பெடுத்துப்போனவை. மற்ற படகு பின்னால் வருகிறது என்றார்கள். அது வரவில்லை. மெரெலின் துறைக்கும் அலுவலகத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மூன்றாவது முறை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கல்தாக் ஒயர்லெஸ் முன்னால் குனிந்திருந்தார்.

"அவங்கதான்," என்றார். "புரொப்பல்லர் கட்டைல மோதி உடைஞ்சிருக்கு. காத்து தென்கிழக்கு, திறந்த கடல் பக்கமாத் தள்ளுது. எங்க இருக்கீங்கனு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு."

பெட்டிக்குள்ளிருந்து இரைச்சலோடு குரல் வந்தது. "நாங்க பாத்துக்கறோம். போலீஸ் படகு அனுப்ப வேணாம். அவங்க வந்தா பன்னியக் கடல்ல தள்ளச் சொல்லுவாங்க."

"உயிருக்கு ஆபத்துங்க. இடத்தச் சொல்லுங்க."

"பன்னிய விட்டுட்டு நான் வர்றதா இல்ல. துடுப்பு இருக்கு."

மெரெலின் அந்தக் குரலைக் கேட்டபடி நின்றாள். நகமால் வேலிக்கு அப்பாலிருந்தும், லாரிக்கு அந்தப் பக்கமிருந்தும், சாவு வீட்டின் மறு வாசலிலிருந்தும் அதைக் கேட்டிருக்கிறாள். எப்போதும் வேறு யாரிடமோ பேசுகிற குரல். இத்தனை அருகில் கேட்டதில்லை. அப்படியே தகப்பன் குரல். தகப்பனும் பிடிவாதக்காரர்தான். கடைசியில் வயிற்றுவலியை மறைத்து மறைத்தே செத்தவர்.

கல்தாக் கையிலிருந்து அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அவர் காட்டினார்.

"அண்ணே," என்றாள்.

இரைச்சல் மட்டும் வந்தது.

"அண்ணே, நான்தான். நீங்க எங்கிட்டப் பேச வேணாம். இருக்கற இடத்த மட்டும் சொல்லுங்க. அம்மா போனப்ப உங்க முகத்தப் பாக்காமலே அழுதுட்டு வந்தேன். அப்பா போனப்பவும் அப்படித்தான். மூணாவது தடவையும் என்னால அப்படி முடியாது. போலீஸ் வராது, மோலிசா வருவாரு. பன்னிக்கு நான் பொறுப்பு. இடத்தச் சொல்லுங்க."

கல்தாக் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு லாரி கடந்து போனது.

"அம்பேயோட வலாஹா முனை மறைஞ்சுபோச்சு," என்றது குரல். இப்போது அது மிகவும் மெதுவாக இருந்தது. "மலைப்புகை எனக்கு வலது தோள் பக்கம். தண்ணி கறுப்பு நிறம் தாண்டி நீலமாயிடுச்சு. தூரத்துல சாந்தோவோட வடக்கு மலை ரெண்டும் ஒட்டினாப்ல தெரியுது." பிறகு, "அழாத," என்றது.

அவள் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மோலிசா ஒரு மீன்காரரின் படகில் போனான். பொழுது சாயுமுன் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். வந்ததும் பெண்டாட்டியிடம்தான் முதலில் பாய்ந்தான். "பன்னிக்கு நீ பொறுப்பேத்தா, ஏத்தறது நானா? கடல்ல வாந்தி எடுக்குது, மனுஷன் மாதிரி. உங்க ஆளு அது தலைய மடியில வச்சுத் தடவிக்குடுக்கறாரு. என்னை எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல." கராய் துறையில் இறங்கி, ஆண்பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போய்விட்டார். மெரெலின் நின்ற திசையை அவர் பார்க்கவே இல்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அவருடைய கால்களைப் பார்த்தாள். நன்றாகத்தான் நடந்தார்.

ஒயர்லெஸ் பேச்சை முகாமில் பலர் கேட்டிருந்தார்கள். துறையில் கட்டியிருந்த படகுகளில் எல்லாம் அது ஒலித்திருக்கிறது. அன்று மாலை சமையல் கொட்டகையில் மெரெலின் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"பேசிட்டாளாமே," என்றாள் ஒருத்தி, சுள்ளியை ஒடித்துக்கொண்டு.

"பேசாம இருந்திருந்தா இந்நேரம் நீ ஒப்பாரி வச்சிட்டிருப்ப," என்றாள் இன்னொருத்தி. "உன் தம்பியும் அந்தப் படகுலதானே?"

ஒடித்தவள் சுள்ளியை அடுப்புக்குள் திணித்தாள். இருந்தும் மெரெலினுக்கு நெஞ்சு ஆறவில்லை. அண்ணனை ஊரறிய அவமதித்தது போலத்தான் அவளுக்கு இருந்தது. உயிரைக் காப்பாற்றத்தான் பேசினாள் என்பது உண்மை. மரியாதை கெட்டது என்பதும் உண்மை. முறைப்படி அதற்கு ஈடு செய்ய வேண்டும். அவளிடம் பன்றியும் இல்லை, பாயும் இல்லை. டவுனில் வாழ்ந்தவளிடம் பிளாஸ்டிக் வாளிகள்தான் இருந்தன.

ஜோசவின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது, இருவரும் பிழைத்துவிட்டார்கள். நடந்ததைக் கேட்டு அவள் சிரித்தாள்.

"அவர் கொட்டகைக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டு, ரெண்டு நாளா யார்கூடயும் பேசலியாம். கோவம்னு நினைக்காதீங்க நாத்தனாரே. எனக்குத் தெரியும் அவர. கோவம்னா கத்தியத் தீட்டுவாரு. இது வேற."

"வேறன்னா?"

"நீங்க பேசினதயே நினைச்சிட்டிருக்காரு. நான் வந்ததும் எங்கிட்ட மட்டும் சொல்றாரு, 'அவ குரல் அம்மா மாதிரி இருக்கு'ன்னு."

மெரெலின் ஒரு பிள்ளையின் கையிலிருந்த விறகைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தாள். பிறகு பழைய இடத்திலேயே வைத்தாள்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஜோசவின் துணி எடுக்கவில்லை, சீராகக் கொடுக்கும், சிவப்புச் சாயம் ஏற்றிய பாய்க்கட்டைத்தான் தூக்கி வந்திருந்தாள். அதிலிருந்து நல்லதாக எடுத்து நாத்தனாருக்குக் கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மெரெலின் அந்தப் பாய்களைத் தலையில் சுமந்துவந்து திடல் நடுவில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள். கராய் வந்து அவற்றைத் தொட்டார். அவ்வளவுதான், கணக்குத் தீர்ந்தது. தன் பெண்டாட்டி பின்னிய பாயைத் தானே வாங்கிக்கொள்கிறார் என்று மோலிசா கிண்டல் செய்தான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மறுவாரம் கராய் அந்த ஆண்பன்றியை ஓட்டிக்கொண்டு ஆற்றோரத்து நிலக்காரர்களிடம் போனார். பேரப்பிள்ளை அவர்கள் மண்ணில் பிறந்ததற்கு மரியாதை செய்ய வந்திருப்பதாகச் சொன்னார். பன்றியை வாங்கிக்கொண்டவர்கள் ஒரு மாலைப்பொழுது முழுக்கத் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். தம்பிக்காரன் நிலம் கொடுக்கலாம் என்றான். அண்ணன்காரன், இன்றைக்கு இவர்கள் என்றால் நாளைக்கு யார் யார் வருவார்களோ என்றான். கடைசியில் ஆற்றை ஒட்டி ஒரு கீற்று நிலம் கிடைத்தது, வெள்ளம் வந்தால் முதலில் முழுகும் நிலம். ஆண்கள் கத்திகளோடு போனார்கள். அன்று முகாமில் மதியம் ஒரு ஆண் குரல்கூட இல்லை. மெரெலின் என்ன செய்வதென்று தெரியாமல், ஏற்கனவே பெருக்கிய கூடத்தை மறுபடி பெருக்கினாள்.

அந்தத் தோட்டம் பாதி விளைந்தது, பாதியை ஆறு கொண்டுபோனது. மலை அடங்கிவிட்டது என்று அரசாங்கம் அறிவித்ததும் கப்பல்கள் ஜனங்களைத் திரும்ப ஏற்றிப்போயின. போனவர்கள் சாம்பலை வழித்துவிட்டுக் கூரை போட்டார்கள். சேம்பு இலை விடத் தொடங்கியபோது மனாரோ மறுபடி எழுந்தது. கல்தாக் வீலாவிலிருந்து கூப்பிட்டார்.

"மெரெலின், மறுபடியும்."

"தெரியும். கூடத்துச் சாவி எங்கிட்டத்தான் இருக்கு," என்றாள் அவள்.

இரண்டாம் முறை ஏற்பாடு நன்றாகவே அமைந்தது. இரண்டு வாசல், இரண்டு சமையல் கொட்டகை, பாய்களுக்குப் பதில் பலகைத் தடுப்பு. மழையில் ஒருவரும் நிற்கவில்லை. ஒவ்வொரு கப்பலிலும் அவள் ஒரு ஆளைத் தேடினாள், பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்காக. அவர் வரவில்லை. ஜோசவினின் பிறந்தகம் மையேவோ தீவில். பெண்டாட்டி, மகள், பேத்தியோடு கராய் அங்கே போய்விட்டிருந்தார். மாமனார் வழியில் கொஞ்சம் நிலம் கிடைத்தது. அங்கேயே தோட்டம் போட்டுவிட்டார். மலை அடங்கிய பிறகும் அம்பேக்கு அவர் திரும்பவில்லை. "'மறுபடி மறுபடி தூக்கிட்டு ஓட வயசு இல்ல'ன்னு சொல்றாரு," என்றாள் ஜோசவின் போனில். பின்னால் யாரோ மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. அது யார் என்று மெரெலின் கேட்கவில்லை.

முகாமை மூடிவிட்டுச் சந்தைக்குப் போனபோது அவளுடைய இடத்தில் மலேகுலா தீவுப் பெண் ஒருத்தி ஈரப்பலா சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். சந்தைக் கமிட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். மெரெலினுக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் ஒரு ஈரப்பலாவை வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு, கல்தாக்குக்குப் போன் போட்டாள். ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டாள். வடக்கே ஒரு தீவில் புயல் அடித்திருக்கிறது, கூரைகள் எல்லாம் போய்விட்டன, அங்கே போகச் சம்மதமா என்றார் அவர்.

"என்னைக்குக் கப்பல்?" என்றாள்.

மோலிசா அவளைத் துறையில் கொண்டுவிட்டான். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். "வீட்டுல உக்காந்து ஒரு வாய் சாப்பிட மாட்டியா நீ?" என்றான். அவள் அதற்குள் இறங்கி, தார்ப்பாய்க் கட்டுகளைக் கப்பலில் எந்தப் பக்கம் அடுக்க வேண்டும் என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே வைத்தால் நனையும் என்று ஒருவன் வாதாடினான். அவள் அவன் கையிலிருந்த கட்டை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு பலகையில் ஏறினாள்.